கற்பது யார் கடன்?

கல்விக்கு வயது வரம்பில்லை என்று சொல்லாத மேடை நம்மிடையே இல்லை. மீலாது விழாவாயினும் பள்ளிக்கூட ஆண்டு விழாவாயினும், பேச எழுந்தவர் தொட்டிலையும் மண்ணறையையும் இணைத்துக் கூறும் அந்த வாசகத்தைச் சொல்லாமல் அமர்வதில்லை. அதனை அண்ணலாரின் (ஸல்) திருமொழியென்றே பலரும் கருதுகின்றனர். ஹதீஸ் கலை வல்லாரோ அதற்கு அறிவிப்பாளர் தொடர் ஏதுமில்லை என்பர். நாமும் இளமையில் அவ்வாறே முழங்கியவர்தாம். மூத்த உஸ்தாது ஒருவர் தனியே அழைத்து, பொருள் நல்லதாயிருப்பதாலேயே ஒரு சொல்லை நபியவர்களின்மீது ஏற்றிவிடலாகாது என்று திருத்தினார். அன்று முதல் அதனை ஆன்றோர் வாக்கென்று மட்டும் சொல்லி வருகிறோம்.

மேடையில் நிற்பவருக்கு அந்த வாக்கால் செலவொன்றுமில்லை. ஓர் அரசு அதனைத் தன் கொள்கையாக ஏற்றுக்கொண்டால் நிலைமை வேறு. எந்தக் கல்வி, யார் செலவில், எந்த நேரத்தில், எவரிடம் என்ற வினாக்களுக்கு அது விடை கூறியாக வேண்டும். கற்காது இருந்துவிட்டவனை எவ்வாறு கருதுவது என்பதற்கும் விடை வேண்டும். இந்தக் கடைசி வினாவே சில ஆண்டுகளாக நம்மை உறுத்திக்கொண்டிருக்கிறது. உறுத்த வைத்தவர் சிங்கப்பூரில் வாழும் நம் பெரிய தந்தையாரின் மகனார்.

அவர் நம்மினும் பதினான்கு ஆண்டு மூத்தவர். ஐந்தாம் வகுப்புவரை தமிழில் படித்தார். தந்தை மறைந்தமையால் படிப்பை நிறுத்திக் கடையில் எடுபிடியாகவும், பின்னர்த் துறைமுகத்தில் சரக்கு எண்ணுபவராகவும் உழைத்தார். சீறாப்புராணத்தில் பல பாடல்களை ஏடு பாராமல் சொல்லுவார். அறுபதை நெருங்கியபோது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பாதுகாவலர் வேலைக்குச் சேர்ந்தார். 2023-ஆம் ஆண்டு அவர் இல்லத்தில் நாம் தங்கியிருந்தபோது, ஒருநாள் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே பேச்சு கல்வியைப் பற்றித் திரும்பியது. வயதில் நாம் இளையவராயினும் ஓதியவர் என்பதனால் நம்மை அவர் ‘நீங்கள்’ என்றே விளிப்பார்.

“அரசாங்கம் என் பெயரில் ஆயிரம் வெள்ளி வைத்திருக்கிறது, தம்பி. படிப்பதற்கென்று மட்டும் கொடுத்த பணம். பாதி வந்து ஏழாண்டாகிறது. நான் ஒரு காசும் தொடவில்லை. பிள்ளைகள் என்னைச் சோம்பேறி என்கிறார்கள். நீங்கள் ஓதிக் கொடுப்பவர். சொல்லுங்கள், படிக்காதது என் குற்றமா?”

நாம் மேடையில் சொல்வதையே சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது இருக்கட்டும். நீங்கள் கடைசியாகப் புதிதாய்க் கற்றது எது?” என்றார். மறுமொழி சொல்ல நமக்கு நா எழவில்லை. முப்பது ஆண்டுகளாக அதே கிதாபுகளை அதே வரிசையில் நடத்திவருகிறோம். ஓரக்குறிப்புகள்கூட நம் இருபத்தைந்தாம் வயதில் எழுதியவை. இஷாவுக்குப் பாங்கு சொல்லிவிட்டமையால் அன்று தப்பித்தோம்.

அவர் கேட்டதை எடைபோட வேண்டுமாயின் அந்த நாட்டின் நிலையைச் சற்று அறிய வேண்டும். சிங்கப்பூர் ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர் பரப்புடைய தீவு. எண்ணெய்க் கிணறில்லை, கனிமச் சுரங்கமில்லை, குடிநீருக்கே நெடுங்காலம் அண்டை நாட்டை எதிர்நோக்கிய மண். 1965-இல் மலேசியாவிலிருந்து பிரிந்து தனித்து நின்றபோது அதனிடம் இருந்த செல்வம் ஒரு துறைமுகமும் மக்களின் கைகளுமே. நம் நாட்டில் சென்னையில் வேலை இழந்தவன் ஊருக்குத் திரும்பி அண்ணனின் வயலிலோ மாமனின் கடையிலோ ஓராண்டு ஒதுங்கி நிற்கலாம். அந்தத் தீவில் திரும்பிச் செல்ல ஊர் இல்லை; நகரமே நாடு. ஒரு தொழில் படுத்துவிட்டால் அதில் இருந்தோர் அனைவரும் வேறொரு தொழிலுக்கு நடந்தே ஆக வேண்டும். அந்த நடைபாதையின் பெயர்தான் அங்கே கல்வி. ஆகவே வாழ்நாள் முழுவதும் கற்க வேண்டும் என்பது அங்கே சான்றோர் அறிவுரையன்று, பிழைப்பின் நிபந்தனை. இதனை மறந்துவிட்டு அவர்களது திட்டங்களைக் குறை கூறுவது நேர்மையாகாது.

1979-இல் அந்த அரசு திறன் மேம்பாட்டு நிதி ஒன்றை நிறுவியது. குறைந்த சம்பளத் தொழிலாளரை வைத்திருக்கும் முதலாளிகள், அச்சம்பளத்தின்மீது ஒரு தீர்வை செலுத்த வேண்டும்; அப்பணம் பயிற்சிக்குச் செலவாகும். மலிவான உழைப்பை நம்பிக் காலந்தள்ளும் முதலாளிக்கு அது ஒரு தண்டனைபோல அமைந்தது. பயிற்சி கொடுப்பவனுக்கோ கொடுத்தது திரும்பி வந்தது. கல்லாமைக்கான விலையைக் கல்லாதவனிடம் கேளாமல், அவனது கல்லாமையால் இலாபம் அடைந்தவனிடம் கேட்ட ஏற்பாடு இது. நாம் படித்தறிந்த அளவில் அந்நாட்டின் கல்வித் திட்டங்களுள் அறத்தால் சிறந்தது இதுவே என்று தோன்றுகிறது. பிற்காலத்தில் அத்தீர்வை எல்லாத் தொழிலாளருக்கும் பரவி, சம்பளத்தில் நூற்றுக்குக் கால் பங்காகச் சுருங்கிற்று. ஒருவருக்கு மாதம் பதினொன்றே கால் வெள்ளிக்கு மேல் போகாது.

1983-இல் ‘பெஸ்ட்’ என்ற பெயரில் தொழிலாளருக்கான அடிப்படைக் கல்வித் திட்டம் வந்தது. தொடக்கப்பள்ளி அளவிலான ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்கும் திட்டம் அது. அது ஏன் தேவைப்பட்டது என்பதில் நம்மவர் வரலாறும் ஒரு சிறு பக்கம் உண்டு. கடையநல்லூரிலிருந்து சென்று குடியேறிய முஸ்லிம்கள் 1946-இல் அங்கே உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியை எழுப்பினர். கூலி வேலை பார்த்தவர்களும் சிறுகடை வைத்திருந்தவர்களும் காசு சேர்த்து நடத்திய பள்ளி, உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. ஆனால் அலுவலகமும் ஆலையும் ஆங்கிலத்துக்கு மாறமாறப் பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு மாற்றினர். 1982-இல் அப்பள்ளி மூடப்பட்டது. 1987-க்குள் அந்நாட்டுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஆங்கிலமே முதன்மொழியாயிற்று.

பள்ளி மூடப்படுவதைப் பற்றி எழுதுவோர் கட்டடத்தைப் பற்றி வருந்துவர். அதில் படித்து வெளியேறியவர்களைப் பற்றி நாம் எண்ணிப் பார்க்கிறோம். தமிழிலோ சீனத்திலோ மலாயிலோ எழுதப் படிக்கக் கற்று, அதைக்கொண்டு ஒரு வாழ்வை அமைத்துக்கொண்ட பல்லாயிரவர், தம் நடுவயதில் ஒருநாள் காலையில் எழுந்தபோது கல்லாதவராகி இருந்தனர். அவர்கள் எதையும் மறக்கவில்லை, சோம்பியிருக்கவுமில்லை. அவர்களது கல்வி செல்லுபடியாகும் எல்லைதான் நகர்த்தப்பட்டது.

நம் அண்ணன் 1984-இல் அந்த வகுப்பில் சேர்ந்தார். பகல் முழுவதும் துறைமுக வெயில். மாலை ஏழு மணிக்குப் பெஞ்சு. கொள்கலன் கப்பல்கள் பெருகப் பெருகச் சரக்கு எண்ணுவோருக்கு வேலை குறைந்துவந்த காலம் அது. தம் மூத்த மகள் முதல் வகுப்பில் எந்தப் பாடத்தைப் படித்தாளோ அதே பாடத்தைத் தாமும் படித்ததாகச் சொன்னார். வீட்டில் அவள் உரக்கப் படிக்கும்போது அடுத்த அறையில் இருந்து ஒலிப்பைக் கேட்டுக்கொள்வாராம். அவளிடம் கேட்கவில்லை. “பிள்ளையிடம் எப்படிக் கேட்பது, தம்பி?” என்றார். ஏழு மாதத்தில் நின்றுவிட்டார். வகுப்பைக் குறைசொல்லவில்லை, ஆசிரியை நல்லவர் என்றார். இரவு வேலை கூடுதல் சம்பளம் தந்தது. வீட்டில் மூன்றாவது குழந்தை பிறந்திருந்தது. அவ்வளவுதான்.

இனி அந்த ஆயிரம் வெள்ளிக்கு வருவோம். 2015 பிப்ரவரியில், அப்போது துணைப் பிரதமராகவும் நிதியமைச்சராகவும் இருந்த தர்மன் சண்முகரத்தினம் அவர்கள் தமது வரவுசெலவுத் திட்ட உரையில் ‘ஸ்கில்ஸ்ஃபியூச்சர்’ என்ற பெரிய திட்டத்தை விரித்துரைத்தார். அதன்படி 2016 ஜனவரி முதல், இருபத்தைந்து வயதான ஒவ்வொரு குடிமகனின் பெயரிலும் 500 வெள்ளி வரவு வைக்கப்பட்டது. ரொக்கமாக எடுக்கவியலாது, ஏற்கப்பட்ட பாடங்களுக்குக் கட்டணமாக மட்டுமே செலுத்தலாம். 2020-இல் இன்னுமொரு 500 வெள்ளி வந்தது. அதனை 2025 டிசம்பர் 31-க்குள் செலவிட வேண்டும் என்று கெடுவும் வந்தது. 2024 மே மாதத்தில் நாற்பதும் அதற்கு மேலும் வயதானவர்களுக்கு 4,000 வெள்ளி தனியே அளிக்கப்பட்டது.

சிறிய நாடென்பதன் வசதி இதில் விளங்கும். ஓர் அறிவிப்பு, ஒரே இரவில் இலட்சக்கணக்கான கணக்குகளில் வரவு. நம் நாட்டில் இத்தகையதொரு திட்டம் தில்லியிலிருந்து புறப்பட்டுத் தென்காசிக்கு வந்து சேர்வதற்குள் பெயரே மாறியிருக்கும். பலரும் அங்கே இதனால் பயன் பெறுகின்றனர். 2024-இல் மட்டும் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அத்திட்டத்தின் பயிற்சிகளில் சேர்ந்தனர். குறுக்கு வழியில் பயன் பெற்றவரும் உண்டு. 2017-இல் ஒரு கும்பல், போலி நிறுவனங்களின் பெயரால் இல்லாத தொழிலாளருக்கு நடக்காத பயிற்சி நடந்ததாகப் பொய் ஆவணம் கொடுத்து ஏறத்தாழ 4 கோடி வெள்ளியைச் சுருட்டியது வெளிப்பட்டது. வக்பு சொத்துகளின் கதை தெரிந்த நமக்கு இதில் வியப்பில்லை. நற்காரியத்துக்கென்று ஒதுக்கிய பணத்தைச் சுற்றி எறும்பு வரும். அதற்காக நற்காரியத்தை நிறுத்துவாரில்லை.

நம்மை நிறுத்தி யோசிக்கவைத்தது வேறு. முதல் 500 வெள்ளியை எதற்கு வேண்டுமாயினும் செலவிடலாம் என்ற தாராளம் இருந்தது. சிலர் அடுமனைக் கலை கற்றனர், சிலர் நிழற்படம் எடுக்கக் கற்றனர். பொழுதுபோக்குக்குப் பொதுப்பணமா என்று முணுமுணுப்பு எழுந்தது. 2024-இன் 4,000 வெள்ளி வந்தபோது, வேலைக்குப் பயன்படும் பாடங்களெனத் தேர்ந்தெடுத்தவற்றுக்கு மட்டுமே அது செல்லும் என்று வரம்பு கட்டப்பட்டது. அரசின் நோக்கில் இது நியாயமே. ஆயினும் கிழவர் ஒருவர் ரொட்டி சுடக் கற்பது வீண் என்று எவர் தீர்மானிப்பது? அவர் நாற்பது ஆண்டுக்குப் பிறகு முதல்முறையாக ஒரு வகுப்பில் அமர்ந்து, மாவு பிசைந்து, தவறுசெய்து, சிரித்து வெளியே வருகிறார். அடுத்த முறை அவர் கணக்குப் பதிவு கற்கவும் கூடும். மதரஸாவுக்கு வரும் சிறுவனுக்கு முதல் நாள் நாம் இனிப்புதான் கொடுக்கிறோம், அலிபைக் கொடுப்பதில்லை.

ஹிஜ்ரி 417-இல் மறைந்த ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் அபூபக்ர் அல்கஃப்பால் அல்மர்வஸீயை நம் ஆலிம்கள் அறிவர். ‘கஃப்பால்’ என்றால் பூட்டுச் செய்பவர். பூட்டுத் தொழிலில் கைதேர்ந்தவராயிருந்து, முப்பது வயதில் பிக்ஹு கற்கத் தொடங்கி, தம் காலத்துக் குராசானில் தலைமை அறிஞரானவர். பூட்டுக்காரரைச் சட்ட அறிஞராக்கிய கல்வி அது. இன்றைய கொள்கைகளோ பெரும்பாலும் சட்ட அறிஞரைப் பூட்டுக்காரராக்கும் அவசரத்தில் இருக்கின்றன. பூட்டுத் தொழிலை நாம் இழிவாகச் சொல்லவில்லை. கதவு பூட்ட வேண்டியதுதான். ஒரு பாதை இருவழியாகவும் திறந்திருக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

அண்ணன் கேட்ட வினாவுக்கு விடை தேடி ஊர் திரும்பிய பிறகு நாம் புரட்டியது இமாம் கஸ்ஸாலியின் இஹ்யாவு உலூமித்தீனில் கல்வி பற்றிய முதல் நூற்பகுதியை. பல முறை நடத்திய பாடந்தான். இம்முறை அண்ணனின் முகம் நடுவில் நின்றது. கடமைகளை நம் முன்னோர் இரண்டாகப் பிரித்தனர். ஐவேளைத் தொழுகைபோல ஒவ்வொருவரும் தாமே நிறைவேற்ற வேண்டியது பர்ளு ஐன். ஜனாஸாத் தொழுகைபோல ஊராரில் சிலர் நிறைவேற்றினால் மற்றவர்மீதிருந்து நீங்குவதும், எவருமே செய்யாவிடில் ஊர் முழுவதையும் குற்றவாளியாக்குவதும் பர்ளு கிபாயா. மருத்துவமும் கணக்கும் உழவும் நெசவும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்று இமாமவர்கள் வகுக்கிறார். ஊரில் மருத்துவர் பஞ்சம் இருக்க, பதவியை நாடி எல்லாரும் சட்டக் கலைக்கே ஓடுவதைக் கடிந்துகொள்கிறார். ஒன்பது நூற்றாண்டுக்கு முந்திய அந்தக் கடிந்துரையில் இன்றைய மனிதவள அமைச்சகங்களின் கவலையெல்லாம் அடங்கியிருக்கிறது.

இந்த அளவுகோலைச் சிங்கப்பூர் திட்டத்தின்மீது வைத்துப் பார்த்தோம். நாட்டின் பொருளாதாரத்துக்குத் திறனுள்ளோர் தேவை என்று அரசு பேசும்போது அது கிபாயாவின் மொழி. ஆனால் தனித்தனிக் கணக்கில் தனித்தனியாகப் பணத்தைப் போட்டு, ‘இனி உன் பொறுப்பு’ என்னும்போது அது ஐனாகிவிடுகிறது. ஊரின் கடமை ஓசையில்லாமல் ஆளின் கடமையாக உருமாறிவிடுகிறது. பிறகு அவன் வேலை இழந்து நின்றால், ‘பணம் கொடுத்தோமே, ஏன் படிக்கவில்லை?’ என்று கேட்பதற்கு வாய் திறந்துவிடுகிறது. அரசு அவ்வாறு கேட்டதாக நாம் சொல்லவில்லை. அண்ணனைச் சோம்பேறி என்றது அவருடைய பிள்ளைகள். கொள்கைகள் வீட்டுக்குள் நுழையும்போது இவ்வாறுதான் உருமாறுகின்றன.

இங்கே ஒரு தடை எழும்; நம் மாணவன் ஒருவனே எழுப்பினான். ஜனாஸாவில் பத்துப் பேர் தொழுதால் ஊரின் கடமை தீர்ந்தது. ஆனால் பத்துப் பேர் கணினி கற்றால் பதினோராமவன் வயிறு நிறையுமா? கற்பதை ஒருவனுக்காக மற்றொருவன் செய்ய முடியாதே? உண்மைதான். இரண்டு நாள் யோசித்த பின் அவனுக்கு இவ்வாறு சொன்னோம்: கற்பது கற்பவனின் கடன், அவன் கற்பதற்கு இயலும்படி செய்வது ஊரின் கடன். மையித்துக்காக மட்டும் ஊர் கூடுவதில்லை; குழி வெட்டுவோர், சந்தூக்குத் தூக்குவோர், வீட்டாருக்குச் சோறு அனுப்புவோர் அத்தனை பேரும் கூடினால்தான் அக்கடமை முடிகிறது. வகுப்பறையில் இருக்கை போட்டுக் கட்டணம் கட்டிவிட்டால் மட்டும் கல்விக் கடமை முடிவதில்லை. இருக்கையில் அமரும் நேரத்தில் அவன் வீட்டு உலை எதனால் எரியும் என்பதும் அதில் அடக்கம்.

இதனை அந்நாட்டு அரசும் காலப்போக்கில் உணர்ந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. 2025 முதல், நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர் தேர்ந்தெடுத்த முழுநேரப் படிப்பில் சேர்ந்தால், முன்னர்ப் பெற்றுவந்த சராசரி வருமானத்தில் பாதியை, மாதம் 3,000 வெள்ளி வரம்புக்கு உட்பட்டு, வாழ்நாளில் 24 மாதம்வரை உதவித்தொகையாக அளிக்கின்றனர். கட்டணம் கொடுத்த கை, சோறும் கொடுக்க 2016-இலிருந்து ஒன்பது ஆண்டு ஆயிற்று. நம் மதரஸாக்களை நிறுவிய பெரியோர்கள் இதனை முதலிலேயே அறிந்திருந்தனர். ஓதவரும் பிள்ளைக்குக் கிதாபுக்கு முன்பே சாப்பாட்டை அவர்கள் ஏற்பாடு செய்தனர். ஊரில் முறைவைத்து வீடுதோறும் சோறு வந்தது. அந்தச் சோற்றில் படித்தவர்தாம் நாமும். 1984-இல் அப்படியொரு முறைச்சோறு இருந்திருந்தால் அண்ணன் ஏழாம் மாதத்தில் நின்றிருப்பாரா?

மற்றொரு நற்செயலையும் சொல்ல வேண்டும். துப்புரவுத் தொழிலில் 2014 முதலும், பாதுகாவல் தொழிலில் 2016 முதலும், பயிற்சியோடு சம்பளப் படிகளை இணைத்த முறையொன்று அங்கே சட்டத்தின் பலத்தோடு நடைமுறைக்கு வந்தது. பயிற்சி பெற்றவனுக்கு இந்தப் படி, இந்தப் பொறுப்புக்கு இந்த அடிச்சம்பளம். அதைக் கொடாத நிறுவனத்துக்கு உரிமம் இல்லை. ஆயிரம் வெள்ளியைத் தொடாத நம் அண்ணன், பாதுகாவலர் பயிற்சியை மட்டும் முடித்துச் சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். அவர் சோம்பேறியாயிருந்தால் அது எப்படி நேர்ந்தது? அங்கே நிறுவனம் நாள் குறித்தது, விடுப்புக் கொடுத்தது, உடன் வேலைபார்க்கும் நால்வர் கூடவே வந்தனர், முடித்ததும் சம்பளம் உயர்ந்தது. இங்கே ஆங்கிலத்தில் ஒரு பட்டியல், அதில் ஆயிரக்கணக்கான பாடங்கள், கைப்பேசியில் ஒரு கடவுச்சொல். கற்கும் மனம் ஒன்றேதான். அதைச் சூழ்ந்து நின்றவர்களின் எண்ணிக்கைதான் வேறு.

2023-இல் நடத்திப் பின்னர் வெளியான பன்னாட்டுப் பெரியோர் திறனாய்வில், எண் அறிவில் ஓஇசிடி நாடுகளின் சராசரியைத் தாண்டிய சிங்கப்பூர், எழுத்தறிவில் சற்றுக் கீழே நின்றது. அத்தேர்வு அங்கே ஆங்கிலத்தில் நடத்தப்பட்டது என்பதை நினைவில் கொண்டால், முதியோர் மதிப்பெண்ணைப் படிக்கும்போது நமக்குச் சீறாப்புராணம் காதில் ஒலிக்கிறது.

கடனைப் பற்றிப் பேசும்போது ஒரு கணக்கு விடுபட்டுப்போவதை நாம் பேசாமல் விடுவதற்கில்லை. அந்நாட்டில் உழைப்போரில் மூவரில் ஒருவருக்கும் மேல் அயல்நாட்டார். கட்டடச் சாரத்திலும் கப்பல் பட்டறையிலும் நிற்போரில் தமிழகப் பிள்ளைகள் மிகப் பலர். நம் வாசகர் வீடுகள் பலவற்றில் மாதந்தோறும் வரும் பணம் அவர்கள் அனுப்புவது. முன்னே சொன்ன பயிற்சித் தீர்வை அவர்களது சம்பளத்தையும் கணக்கிட்டே முதலாளியிடம் பெறப்படுகிறது. கற்றல் வரவோ குடிமகனுக்கு மட்டும் உரியது. ஓர் அரசு தன் குடிமக்களை முதலில் கவனிப்பதில் தவறில்லை. குடும்பத் தலைவனும் அவ்வாறே செய்கிறான். ஆனால் பத்தாண்டு, பதினைந்தாண்டு ஒரு நகரத்தை எழுப்பியவன், போகும்போது தன் கையில் புதிதாக ஒரு தொழிலும் இன்றித் திரும்புவானாயின், கற்கும் நாடு என்று சொல்லிக்கொள்ளும் நாட்டின் பதிவேட்டில் அது பற்றுப் பக்கத்திலேயே நிற்கும். இதில் அவர்களைவிட நம்மீதே குற்றம் மிகுதி. அனுப்பிவைக்கும் ஊர்களில், போகுமுன் அவனுக்கு நாம் என்ன கற்பித்தோம்? வரும் பணத்தில் பள்ளிவாசலுக்கு மினாரா கட்டினோம். விடுமுறையில் வந்தவனை அமரவைத்து ஒப்பந்தப் பத்திரத்தைப் படித்துப் பொருள் சொல்ல ஒரு மாலை வகுப்புக்கூட நம் ஜமாஅத்துகளில் இல்லை.

இவ்வளவும் ஊரின் கடன். கற்பவனின் கடன் ஒன்றுமில்லையா என்றால், உண்டு. அதன் பெயர் வெட்கத்தை விடுவது. வெட்கமும் பெருமையும் உள்ளவனுக்குக் கல்வி வாய்க்காது என்ற கருத்தைத் தாபியீன்களுள் ஒருவரான முஜாஹித் (ரஹ்) சொன்னதாக மாணவருக்கு நாம் ஆண்டுதோறும் ஓதிக் கொடுக்கிறோம். சிறுவனுக்கு அது பொருந்தாத பாடம் என்பது இப்போது புரிகிறது. சிறுவனுக்கு ஏது வெட்கம்? அது ஐம்பது வயதுக்காரருக்குச் சொன்னது. மகளிடம் ஒலிப்புக் கேட்க வெட்கப்பட்ட அண்ணனைப் பற்றி எழுதும் உரிமை நமக்கு உண்டாவென்று பார்த்தால், இல்லை. கணினியில் அரபு எழுத்தைத் தட்டச்சுச் செய்ய வேண்டிய காலம் வந்தபோது, பதினான்கு வயது மாணவனிடம் கற்க மனமின்றி, மூன்று ஆண்டு கையாலேயே வினாத்தாள் எழுதிப் பிள்ளைகளின் கண்ணைக் கெடுத்தவர் நாம்.

ஊர் திரும்பிய மறு மாதம், மாணவர்கள் போன பின் அப்பையனை நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு, சொல்லிக்கொடு என்றோம். விசைப்பலகையில் ‘ளாது’ எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தபோது அவன் நம் விரலைப் பிடித்து வைத்தான். அந்தக் கணம் முகம் சுட்டது. ஐந்தாம் நாள் சுடவில்லை. பத்தாம் நாள் கதவைச் சாத்த மறந்துவிட்டோம். மற்ற பிள்ளைகள் எட்டிப் பார்த்தனர். அவர்களுள் ஒருவன், ‘உஸ்தாது, அந்தப் பொத்தான் இல்லை, இது’ என்றான்.

அண்ணனுக்குத் தொலைபேசியில் இதனைச் சொன்னோம். நெடுநேரம் சிரித்தார். சில வாரம் கழித்து அவரே அழைத்தார். பேத்தியை அருகில் அமர்த்திக்கொண்டு பாடப் பட்டியலைத் திறந்து பார்த்தாராம். மகளிடம் கேளாததைப் பேத்தியிடம் கேட்டிருக்கிறார். முதியோரைப் பராமரிக்கும் பாடம் ஒன்று மனத்துக்குப் பிடித்திருக்கிறதாம். “நானே முதியவன், என்னை நானே பார்த்துக்கொள்ளலாம்” என்றார். ஆனால் அதன் விளக்கத்தில் ஓர் ஆங்கிலச் சொல் வருகிறது, பேத்திக்கும் விளங்கவில்லை, உங்களுக்குத் தெரியுமா என்று எழுத்து எழுத்தாகச் சொன்னார். எழுதிக்கொண்டோம். நமக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை பாடம் தொடங்குமுன் வகுப்பில் கேட்டோம்.